ஸ்டேஷன் பாத்ரூம் தரை

விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போன என் தம்பி போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்துட்டானாம். முதுகு பூரா வரிவரியா தடிச்சுக் கிடந்துச்சு, உள்ளங்கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு. எல்லாம் ஒரே வழுக்கல்ல வந்ததாம். யார் காதுல பூ சுத்துறானுங்க?

உடம்பை வாங்கப் போன அன்னைக்கு இன்ஸ்பெக்டர் என்கிட்ட, "உன் தம்பி பாத்து நடந்திருக்கணும்மா. தரை ஈரம்"னு சொன்னான். பல்லு குத்திக்கிட்டே சொன்னான். அந்தக் குச்சி இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

முதல் விசாரணையை அவங்க டிபார்ட்மென்ட்டே பண்ணிச்சு, பூட்டின ரூம்ல, அவங்களுக்குள்ளயே. யாரைக் கேட்டாங்க, எதைப் பார்த்தாங்க, ஒரு மண்ணும் நமக்குத் தெரியாது. நாலு மாசம் கழிச்சு ஒத்தைத் தாள் வந்துச்சு: விபத்து. அம்மா அதை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அன்னையிலிருந்து சரியா சாப்பிடுறதே இல்ல.

நான் விடுவேனா? செருப்பு தேய நடந்தேன். என்னை மாதிரி வயிறெரிஞ்சவங்க இருபது பேர் சேர்ந்து கத்தின கத்துல, போலீசுக்குச் சம்பந்தமே இல்லாத, வழக்கு போட உத்தரவிடுற அதிகாரமுள்ள ஒரு ஆணையத்தைப் போட்டாங்க. தலைவி ஒரு ரிட்டயர்டு ஜட்ஜம்மா. வந்த முதல் நாளே ஹால் கதவைத் திறந்து போடச் சொன்னாங்க. யார் வேணாலும் உக்காரலாம், கேள்வி எழுதிக் கொடுக்கலாம். போலீஸ் கொடுத்த ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு போட்டோவும் வெளிச்சுவத்துல ஒட்டணும். இன்ஸ்பெக்டரோட வக்கீல் குதிகுதின்னு குதிச்சார். "ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"ன்னு அந்தம்மா கேட்டதும் உக்காந்துட்டார்.

அந்தச் சுவத்துலதான் பார்த்தேன். 'சம்பவ இடம்'னு ஒரு போட்டோ, தேதி பன்னிரண்டு, தம்பி செத்த நாள். ஈரத் தரை, கவுந்த பக்கெட், ஓரத்துல சோப்பு. நல்லா செட் போட்டிருந்தானுங்க. ஆனா நான் பதினோரு வருஷமா டைல்ஸ் கடையில வேலை பார்க்குறவ. மனுஷங்க மூஞ்சி மறந்தாலும் டைல்ஸ் எனக்கு மறக்காது. நீலப் பூ டிசைன். பூவுக்கு மூணு இலை இருக்கணும். இதுல ரெண்டுதான் இருந்துச்சு.

அது டேமேஜ் லாட். அச்சுல கோளாறாகி எங்க கடைக்கு மட்டும் வந்தது. தம்பி செத்து ஒன்பது நாள் கழிச்சு நான் வேலைக்குத் திரும்பின அன்னைக்குத்தான் அந்த லாரியே வந்துச்சு. அழுதுக்கிட்டே பெட்டி எண்ணி இறக்கினேன். அதை எப்படி மறப்பேன்? அடுத்த வாரம் ஆறு பெட்டியை முதலாளி எங்கேயோ ஓசியா அனுப்பினார். எங்கேன்னு சொல்லல.

நேரா அவர்கிட்ட போய் நின்னேன். "அந்த ஆறு பெட்டி எங்கே போச்சுண்ணே?"

அவர் முகம் வெளுத்துருச்சு. "ஸ்டேஷன்ல கேட்டாங்கம்மா. உனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான் சொல்லல. என்னை இதுல இழுத்து விட்டுடாத, நான் கடை நடத்தணும்."

"டெலிவரி புக்கைக் கொடுங்கண்ணே. இல்லைன்னா ஹால்ல முதல்ல உங்க பேரைத்தான் சொல்வேன்."

கொடுத்துட்டார், லாரி ரசீதையும் சேர்த்து. புக்குல ஸ்டேஷன் ரைட்டர் கையெழுத்து இருந்துச்சு. தேதி இருபத்தெட்டு.

மறுநாள் ஹால்ல உக்கார இடமில்ல. நான் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஜட்ஜம்மா அதை அப்படியே படிச்சாங்க. "பன்னிரண்டாம் தேதிக்கு அப்புறம் அந்தத் தரையை மாத்தினீங்களா?"

"இல்லீங்கம்மா. அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு"ன்னான் இன்ஸ்பெக்டர். வாடா மவனேன்னு எந்திரிச்சேன்.

மேஜை மேல ரெண்டு இலை டைல்ஸ் ஒண்ணு, லாரி ரசீது, டெலிவரி புக்கு, மூணையும் வெச்சேன். தேதிகளைச் சத்தமா படிச்சேன். "இருபத்தொண்ணாம் தேதி ஊருக்குள்ள வந்த டைல்ஸ்ல, பன்னிரண்டாம் தேதி என் தம்பி எப்படிங்கம்மா வழுக்கி விழுவான்? பேத்து எடுக்குற அளவுக்குப் பழைய தரையில என்ன இருந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். பின்னாடி சாட்சி சொல்ல வந்திருந்த கான்ஸ்டபிள்தான் எந்திரிச்சார். "ரத்தம் இருந்துச்சும்மா. சொரசொரப்பான சிமெண்ட் தரை. ரெண்டு நாள் தேய்ச்சேன், போகவே இல்ல."

நான் உக்காரல. கொலை வழக்கு போடணும்னு ஜட்ஜம்மா உத்தரவைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே அவன் மூஞ்சியைப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள்ள வெளியூர் போலீஸ் ரெண்டு பேர் வந்து அவனைக் கைது பண்ணிக் கூட்டிட்டு இறங்கினாங்க. நான் கடைசிப் படிக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்தேன். சுத்தி ஊரே நின்னுச்சு.

"பாத்து நடங்க சார்"னு சத்தமா சொன்னேன். "தரை ஈரம்."

வெயில் கொளுத்துச்சு, படியில ஒரு சொட்டு ஈரம் இல்ல. அப்படியும் அவன் குனிஞ்சு, ஒவ்வொரு படியா பாத்துப் பாத்துத்தான் இறங்கினான்.