மூக்கில் ஒட்டிய தேதி

கடத்தூர்ப் பக்கத்து மாங்கூழ் கம்பெனியில் பழத்தை மோந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது மிக்கேலம்மாளின் வேலை. எண்பத்தெட்டில் வெளிநாட்டுத் தர விதிகளைத் திருத்தினார்கள். தரம் பார்க்கிற கருவி ஒவ்வொன்றிலும், எந்தத் தேதிவரை செல்லும் என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமாம். மேனேஜர் தராசில் ஒட்டினார், தெர்மாமீட்டரில் ஒட்டினார், அப்படியே அவள் மூக்கிலும் ஒட்டிவிட்டார்.

"பிச்சிராதம்மா, ஏற்றுமதி நின்னுரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரே சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஒரு சாயங்காலம் புருஷன் சவுரியப்பன் வீட்டுக்குள் நுழைந்ததும் சாராய வாடை குப்பென்று அடித்தது.

"குடிச்சிட்டா வந்தீங்க?"

அவன் கிட்டே வந்து அவள் மூக்கை உற்றுப் பார்த்தான்.

"தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு. இந்த மூக்கு சொல்றது செல்லாது புள்ள."