ஐந்து நாற்பது முதல் ஆறு வரை

பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் என்னென்ன அட்டகாசம் செய்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தது. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை, நானூற்றுப் பன்னிரண்டு பேர். தாளில் பெயர் எழுத வேண்டாம், எழுதியது யார் என்று தேட மாட்டோம், வீட்டுக்கும் சொல்ல மாட்டோம் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. பிள்ளைகளுக்குச் சொன்ன அதே வாக்குறுதியில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"உங்க பையன் படிக்கிற ஸ்கூலும் இதுல இருக்கும்மா. அந்த ஸ்கூல் தாளை மட்டும் வேற யாருக்காவது குடுத்துடவா?" என்று மேலாளர் கேட்டார்.

"அவனா சார்? வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது. ஹெல்மெட் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டான். குடுங்க, நானே பண்றேன்."

பெருமைதான். மூத்தவனுக்குப் பதினைந்து வயது. டியூஷன் முடிந்ததும் நேரே நீச்சல் குளத்துக்குப் போய்த் தங்கையை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவான். ஏழு மாதமாக ஒரு நாளும் தவறியதில்லை. டாண் என்று ஆறு மணிக்கு, "பாப்பாவைக் கூப்பிட்டுட்டேம்மா" என்று போன் வந்துவிடும். இந்த வயதில் இப்படி ஒரு பிள்ளை யாருக்கு இருக்கிறான் என்று அலுவலகத்தில் கேட்காதவர்களிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

தாள்களோ ஒன்றையொன்று மிஞ்சின. கையை விட்டுவிட்டு ஓட்டுகிறவன், ஒரே சைக்கிளில் நாலு பேராகப் போகிறவர்கள், பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு அதையும் பெருமையாக எழுதியவள். நல்லதென்றால் தனக்குள் படிப்பாள், கெட்டதென்றால் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள்.

"இதுங்களையெல்லாம் பெத்தவங்க என்னதான் பண்றாங்க?" என்பாள் முடிவில்.

"பெத்ததோட வேலை முடிஞ்சுதுன்னு உட்கார்ந்திருப்பாங்க அக்கா" என்பாள் அந்தப் பெண்.

அன்றும் அப்படித்தான். மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு தாளை எடுத்தாள். பன்னிரண்டாம் கேள்வி, ஓட்டும்போது போனில் பேசுவது: ஐந்து. ஓரத்தில் பொடி எழுத்தில், 'அம்மா கூப்பிட்டால் மட்டும். எடுக்கவில்லையென்றால் பயந்துவிடுவார்கள்.'

"பாரேன், தாய்ப்பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது" என்று அதையும் படித்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

பதினாறாம் கேள்வி, ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவது: ஐந்து. காரணம் எழுத விட்டிருந்த இடம் நிறைந்திருந்தது.

'டியூஷன் 5.40க்கு முடியும். அங்கிருந்து நீச்சல் குளம் ஏழு கிலோமீட்டர். பாப்பா 6 மணிக்கு வெளியே வந்து கேட்டில் தனியாக நிற்பாள். எப்படி மிதித்தாலும் 6.10 ஆகிறது. பாலத்தடியில் 5.46க்குத் தண்ணீர் லாரி வரும். பின்னால் ஏணி இருக்கிறது. அதைப் பிடித்தால் சரியாக இருக்கும்.'

இதை அவள் உரக்கப் படிக்கவில்லை. அந்த நேர அட்டவணையைப் போட்டவளே அவள்தான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், அவள் கையெழுத்தில், 'சரியாக 6' என்பதன் கீழே இரண்டு கோடுகளுடன் ஒட்டியிருக்கிறது. அதைப் போடுவதற்கு முன் தூரத்தை அவளே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்திருந்தாள். இருபது நிமிடம் ஆனது. ஸ்கூட்டரில்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தெட்டு. டியூஷனுக்குப் போன் போட்டாள். "அவன் அப்பவே படியிறங்கி ஓடிட்டானேம்மா" என்றார் ஆசிரியர்.

மகனின் எண்ணை எடுத்தாள். விரல் அதன் மேலேயே நின்றது. கூப்பிட்டால் எடுப்பான். ஒரு கை ஏணியில் இருக்கும்போது, மறு கையால் எடுப்பான். எடுக்கக்கூடிய பிள்ளைதான் என்று அந்தத் தாளே சொல்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சும்மா இருக்க முடியாமல் நீச்சல் குளத்துக்குக் கூப்பிட்டாள். காவலாளி எடுத்தார்.

"பாப்பாவைக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார வெக்க முடியுமாங்க? அண்ணன் வர லேட்டாகும்."

"அதுக்கென்னம்மா, தாராளமா. ஏழு மணி வரைக்கும் பிள்ளைங்க இங்க பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கும்."

அவ்வளவுதான். அரை நிமிடப் பேச்சு. ஏழு மாதமாக இதை ஒருவரிடமும் கேட்கத் தோன்றவில்லை. தன்மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் காது சூடேறியது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

"ஒண்ணுமில்ல."

ஆறு ஆயிற்று. போன் வரவில்லை. ஆறு ஒன்று. ஆறு இரண்டு. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் அவளே கூப்பிட்டு, எங்கேடா இருக்க என்று ஒரு பிடி பிடித்திருப்பாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு நாலுக்குப் போன் அடித்தது.

"வந்துட்டேம்மா. நாலு நிமிஷம் லேட். திட்டாத."

மூச்சு வாங்குவது கேட்டது. லாரியைப் பற்றிய பேச்சு நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினாள். சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். நம்பி எழுதியவன் அவன்.

"திட்டலடா. இனிமே நீ ஆறரைக்குப் போனாப் போதும். பாப்பா உள்ளேயே உட்கார்ந்திருப்பா. பேசிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"அப்பாடா" என்றான்.

பதினைந்து வயதுப் பிள்ளை மாதிரி இல்லை. நாளெல்லாம் மூட்டை தூக்கியவன் மாதிரி இருந்தது அந்தக் குரல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு தாளை இழுத்து வைத்தாள். பதினாறுக்கு ஐந்து என்று ஏற்றினாள். தேதி பார்த்தாள், அவன் இதை எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. இப்படி ஓட்டுவதை நிறுத்த உங்களுக்கு என்ன உதவி வேண்டும்? பெரும்பாலான பிள்ளைகள் அதை வெற்றாக விட்டிருந்தார்கள். சிலர் புது சைக்கிள் கேட்டிருந்தார்கள்.

'பத்து நிமிஷம்' என்று அவன் எழுதியிருந்தான்.

அதையும் அப்படியே ஏற்றினாள்.