இதே கண்களால்

மருமகன் மூன்றாவது தடவையாக மின்விசிறியை நிறுத்தினான். நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், உபதேசியாரின் மனைவி எழுந்து போய் மறுபடியும் சுவிட்சைத் தட்டினாள். "அவளுக்கு வேர்க்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல். கட்டிலில் கிடந்த மகளுக்கு இனி வேர்க்காது என்பது அவளுக்கும் தெரியும். காலையில் அம்மா வீட்டு அடுப்படியில் நின்று ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சின் நடுவே "ஒரு மாதிரியா இருக்கும்மா" என்று தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சின்ன வயதுக் காய்ச்சலில் பழுதாகிப்போன இதயம். எந்த நேரத்திலும் இப்படி ஆகலாம் என்று டாக்டர்கள் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். சொல்லி வைத்தால் மட்டும் என்ன, மனசு தயாராகவா இருக்கிறது.

மருமகன் உபதேசியாரை வாசல் பக்கம் கூட்டிப்போனான். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். வேலை உடுப்போடு ஓடி வந்தவன் இன்னும் அதை மாற்றவில்லை.

"ஃபேன் ஓடினா கண்ணு காஞ்சிடுமாம் மாமா. போன்ல சொன்னாங்க. ஃபேனை நிறுத்தணும், தலையைக் கொஞ்சம் தூக்கி வைக்கணும், இமை மேல ஈரப் பஞ்சு வைக்கணும். அவங்க கெளம்பிட்டாங்க. அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"என்னன்னு சொல்லச் சொல்றே?"

"அவ சொன்னதைச் சொல்லுங்க. 'நான் போயிட்டா உடனே அழ ஆரம்பிச்சிடாதீங்க. மொதல்ல கண் வங்கிக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் நிதானமா உக்காந்து அழலாம்'னு சொல்லுவா. வெளையாட்டாத்தான் சொல்லுவா. ஆனா மாசம் ஒரு தடவையாவது சொல்லுவா." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "கையெழுத்து நான் போட்டாப் போதுமாம். ஆனா அத்தை சரின்னு சொல்லாம நான் போட மாட்டேன். அவ இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவா."

உபதேசியார் தலையாட்டினார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

வார நாட்களில் அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்னச் சபையின் உபதேசியார். போதகர் எப்போதாவது வந்து போவார். கல்யாணத்துக்கு அவர் வருவார், சாவுக்கு உபதேசியார்தான். முப்பது வருடமாக ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் நின்று அவர் ஒரே பிரசங்கத்தைத்தான் செய்து வந்தார். பைபிளில், எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த ஒரு மனிதன், என் தோல் அழிந்துபோனாலும் நான் கடவுளைப் பார்ப்பேன், வேறு யாருடைய கண்ணும் அல்ல, என்னுடைய கண்ணே பார்க்கும் என்று சொன்ன வசனம். "இதே கண்களால்" என்று சொல்லும்போது உபதேசியார் இரண்டு விரல்களைத் தன் இமைகளின் மேல் வைத்துக்கொள்வார். அதுவரை கதறிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் அடங்குவார்கள். சிலர் தாங்களும் அறியாமல் தங்கள் இமையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில், வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

வேதத்தில் இதற்கு எதிர்ப்பேச்சாக வசனங்கள் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. வேத வகுப்பில் எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு, எந்நேரமும் நோண்டிக்கொண்டே இருப்பார். "உபதேசியாரே, ஒரு பக்கத்துல, ஆண்டவர் தன் தீர்க்கதரிசிகிட்ட, சிநேகிதன்கிட்டப் பேசுற மாதிரி முகமுகமாப் பேசினார்னு போட்டிருக்கு. கொஞ்சம் தள்ளிப் பாத்தா, என் முகத்தைப் பாத்தவன் உசுரோட இருக்க மாட்டான்னு அவரே சொல்றாரு. பக்கம் திருப்புறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் என்ன மனஸ்தாபம்?" வகுப்பே சிரிக்கும். உபதேசியாரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, உச்சி வெயிலில் சூரியனைப் பார்க்க முடியாது, சாயங்காலம் பார்க்கலாம், சூரியன் ஒன்றுதானே என்பார். யாரும் கடவுளை ஒருக்காலும் கண்டதில்லை என்ற வசனத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. இரண்டு வசனங்கள் ஒன்றோடு ஒன்று உரசினால் நடுவில் ஏதோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று நம்பியவர் அவர். தேடிய இடத்தில் எல்லாம் கிடைத்துக்கொண்டும் இருந்தது.

அந்த எலக்ட்ரீஷியன்தான் இப்போது வாசலில் நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உபதேசியாரைப் பார்த்ததும் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "இன்னைக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க" என்றார். சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் டீயை ஊற்றிக் கையில் திணித்தார். உபதேசியார் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

மனைவி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒதுக்க ஒதுக்க முடி மறுபடியும் நெற்றியில் வந்து விழுந்தது.

"இந்தாம்மா" என்றார். அதற்கு மேல் தயாராக ஒன்றும் இல்லை. பிறகு மகள் சொல்லிவைத்ததை அப்படியே, சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார்.

அவள் நிமிரவில்லை. "அப்ப ஆண்டவரை எதால பாப்பா?"

அவர் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடமாக எல்லாப் பிரசங்கத்திலும் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். வகுப்பில் ஒரு நாள்கூட வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை. கேட்டதையெல்லாம் நம்பிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள்.

"அது அப்படி இல்லம்மா. உடம்புக் கண்ணு மண்ணுக்குத்தான் போகுது. அங்க வேற..."

"வேற யாரோட கண்ணும் இல்ல, இதே கண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க. கை வெச்சுக் காட்டினீங்களே. எங்க அப்பா குழியிலயும் காட்டினீங்க."

"காட்டினேன்." அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "யாரும் அவரைப் பாத்ததில்ல, பாக்கவும் முடியாதுன்னும் அதே வேதத்துலதானே எழுதியிருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. இத்தனை வருடமும் எலக்ட்ரீஷியன் வாயிலிருந்து மட்டுமே கேட்டுப் பழகிய வசனம். மனைவி முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப எம் பொண்ணு எங்க போயிருக்கா? யாரையும் பாக்க முடியாத எடத்துக்கா?"

அவரிடம் சூரியன் இருந்தது, உச்சி வெயில் இருந்தது, சாயங்காலம் இருந்தது. டீத் தம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எது நெசம்?"

"தெரியலம்மா."

"நம்பாமத்தான் எல்லார்கிட்டயும் சொன்னீங்களா?"

"நம்பித்தான் சொன்னேன். காலைல வரைக்கும் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவள் அழுவாள், கத்துவாள் என்று அவர் நினைத்தார். அவளோ திரும்பி முடியை ஒதுக்கத் தொடங்கினாள். உபதேசியாருக்கு ஒவ்வொரு குழியும் நினைவுக்கு வந்தது. அடங்கிய முகங்களும் இமையைத் தொட்ட விரல்களும் வரிசையாக வந்தன. அவர்களில் யாராவது இப்போது வாசலில் வந்து நிற்கக்கூடும். நாளைக்கு அவர்கள் எல்லாரும் குழியைச் சுற்றி நின்று, இன்றைக்கு உபதேசியார் என்ன சொல்வார் என்று அவர் வாயையே பார்ப்பார்கள். ஜெபம் பண்ணிப் பார்த்தார். கூரை வரைக்கும்கூட அது போன மாதிரி இல்லை.

கண் வங்கியிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஐஸ் பெட்டி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். அதை நிறுத்தாமல் கட்டிலுக்கும் காற்றுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். பையிலிருந்து பஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குனிந்து, "ஜில்லுன்னு இருக்கும்க்கா" என்று இறந்தவளிடம் சொல்லிவிட்டு அவள் இமைகளின் மேல் வைத்தாள்.

உபதேசியாரின் மனைவி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், தானே மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உக்காரும்மா" என்றாள். "கண்ணை முழுசாவா எடுப்பே?"

"இல்லம்மா. முன்னால கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒண்ணு இருக்கும். அது மட்டுந்தான். அக்கா முகத்துல எதுவும் தெரியாது. நீங்க எப்பவும் போலப் பாக்கலாம்."

"அந்தக் கண்ணாடி இல்லாமப் பாக்க முடியுமா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். வழக்கமாக யாரும் கேட்கும் கேள்வி இல்லை அது. "முடியாதும்மா" என்றாள்.

"யாருக்கு வெப்பாங்க?"

"எனக்கும் தெரியாது. சொல்லவும் மாட்டாங்க. யாரோ ஒருத்தர் காத்திருக்காங்க, அவ்வளவுதான் தெரியும்." பிறகு தயங்கிச் சொன்னாள். "நேரம் ஆக ஆக மங்கிட்டே போகும்மா. நான் அவசரப்படுத்தலை. வேண்டாம்னாலும் பரவாயில்ல, நான் போயிடுறேன். பஞ்சு மட்டும் இருக்கட்டும்."

மருமகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் விரல்களில் பட்டறை எண்ணெய் இன்னும் கருப்பாக ஒட்டியிருந்தது. உபதேசியாரின் மனைவி அவனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு எடுத்துக்கோ" என்றாள். "ஒண்ணை விட்டுடு."

"அத்தை..." என்றான் மருமகன்.

"ரெண்டுல எது நெசம்னு உங்க மாமாவுக்கே தெரியலையாம். எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு இங்க யார் கூடவாவது இருந்து பாத்துட்டுப் போகட்டும். இன்னொண்ணு அவகிட்டயே இருக்கட்டும். பாக்குறதுக்கு ஏதாவது இருந்துச்சுன்னா அவ பாத்துக்குவா." குரல் அங்கே உடைந்தது. "ஒண்ணுமே இல்லன்னா அந்த ஒண்ணும் போச்சு, அவ்வளவுதானே."

கடவுள் ஒரு கண், இரு கண் என்று கணக்குப் பார்ப்பவர் அல்ல என்று உபதேசியார் சொல்லியிருக்கலாம். வேறு எந்த வீட்டிலாவது என்றால் சொல்லியிருப்பார். கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. வசனங்கள் இரண்டையும் சேர்த்துவைக்க அவர் தேடிக்கொண்டிருந்த திருகாணி எங்கும் இல்லை. இவள் அவற்றைச் சேர்க்கவே முயலவில்லை. மகளைப் பாதியாகப் பிரித்து, வசனத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். தன் முப்பது வருடப் பேச்சு ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் இதுதானா என்று நினைத்தபோது அவருக்கு எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போல இருந்தது.

அந்தப் பெண் தலையாட்டினாள். "சரிம்மா. ஒருத்தருக்கு ஒண்ணுதான் வெப்பாங்க. ஒண்ணு போதும்" என்றாள். மருமகன் கையெழுத்துப் போட்டான். போட்ட இடத்தில் எண்ணெய்க் கறை படிந்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காக ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கினாள். பிறகு திரும்பிக் கேட்டாள்.

"எந்தக் கண்ணும்மா?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

உபதேசியாரின் மனைவி பஞ்சு வைத்த முகத்தையே பார்த்தாள். வலது பக்கம் கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். இடது பக்கம் நீட்டினாள். பெற்றவளுக்கு இது எப்படி முடியும். அவள் கை அப்படியே மடியில் விழுந்தது. "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள், அன்றைக்கு இரண்டாவது முறையாகக் கணவரை நேராகப் பார்த்து. அதில் கோபம் இல்லை. இத்தனை காலமும் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

உபதேசியார் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி கட்டிலின் மேல் குனிந்தார். அந்தப் பெண் இரண்டு பஞ்சுகளையும் எடுத்து, விரல் நுனியால் இமைகளை மெல்லத் திறந்து பிடித்துக் கொடுத்தாள். மகளின் கண்களை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. இன்னும் ஈரம் இருந்தது. மங்கத் தொடங்கியிருந்தாலும் பளபளப்பு முழுக்கப் போகவில்லை.

முதலில் வலது கண்ணைப் பார்த்தார். பிறகு இடது கண்ணை. இரண்டிலும் அறையின் ஜன்னல் கம்பிகளோடு சின்னதாகத் தெரிந்தது. கம்பிகளுக்கு முன்னால், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, ஒரு ஆள் குனிந்து நின்றான். ஆள் இருப்பது தெரிந்தது. உபதேசியார் இடது கண்ணுக்கு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். கிட்டப் போகப் போக அந்த ஆள் பெரிதானான், ஜன்னலையே மறைத்தான். முகம் மட்டும் தெரியவில்லை.

"இதுவா ஐயா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். அவள் இன்னொரு கையில் பிடித்திருந்த பஞ்சிலிருந்து தண்ணீர் மணிக்கட்டு வழியாக வழிந்து, தலையணையில் சொட்டிக்கொண்டிருந்தது.