துண்டு மூடிய திரை

பனி விழுந்து மலைப்பாதை அடைபட்டதால், நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்த நிக்கிஃபோரை, நகரத்து இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தின் செவிலி வியோரிக்கா கைக்கணினித் திரையிலேயே பார்த்துவந்தாள். வீட்டில் அவருடன் இருந்தவள் மனைவி சாவெட்டா மட்டுமே. கட்டிலருகே ஆக்சிஜன் எந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

நிக்கிஃபோர் சாவுக்கு அஞ்சவில்லை. எரியும் மெழுகுவர்த்தி கையில் இல்லாமல் இறப்பவர் மறு உலகில் இருளில் அலைவார் என்று எங்கள் மலைகளில் நம்புகிறோம். சுரங்கத்தில் மாண்ட அவருடைய அண்ணனுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை. தமக்கும் கிடைக்காதோ என்பதே அவருடைய அச்சம். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பே கூடாது என்று வியோரிக்கா பலமுறை எச்சரித்திருந்தாள். சாவெட்டாவும் தலையாட்டியிருந்தாள்.

அன்று பிற்பகல் அவருக்கு மூச்சு இழுத்தது. உதடுகள் நீலம் பாரித்தன. சாவெட்டா எழுந்து கம்பளித் துண்டுகளை எடுத்தாள். உயிர் பிரியும் வீட்டில் முகம் தெரியும் எதையும் மூடிவைப்பது வழக்கம். கண்ணாடியை மூடினாள், பளபளத்த கைக்கணினியையும் மூடிவிட்டாள்.

வியோரிக்காவின் திரை இருண்டது. எந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே தீப்பெட்டி குலுங்கும் ஓசை கேட்டது. வியோரிக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கத்தினால் கிழவி பதறிப்போய் உரசிவிடக்கூடும்.

"அக்கா, குச்சிய உரசாதீங்க. ரெண்டு பேரும் எரிஞ்சு போவீங்க."

"அதுக்காக இவர இருட்டுல அனுப்பச் சொல்றியா? உனக்கென்ன பொண்ணே, நீ பெட்டிக்குள்ள பத்திரமா இருக்க."

"மெழுகுவத்தி வேணாம்னு நான் சொல்லலக்கா. மொதல்ல சொட்டு மருந்த நாக்குக்கு அடியில விடுங்க. மூச்சு தணிஞ்சதும் எந்திரத்த நிறுத்திட்டு, குழாய எடுத்துருங்க. போர்வைய மாத்தி, சன்னலத் தெறந்து வைங்க. நான் சொன்னப்புறம் கொளுத்துங்க."

 நிக்கிஃபோரின் குரல் திக்கித் திக்கி வந்தது.

"அவ சொல்றபடி செய்டி. வீட்டையே கொளுத்தி வழியனுப்புனா ஊரு சிரிக்கும்."

சற்று நேரத்தில் எந்திரம் ஓய்ந்தது. சன்னல் கிரீச்சிட்டது, காற்று உள்ளே புகுந்தது. துண்டை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வியோரிக்காவுக்கு அவருடைய மூச்சு மட்டுமே கேட்டது. படுக்கைத் துணிகளின் இழைகளில் தங்கிய ஆக்சிஜன் கலைய வேண்டும். அதற்குள் அந்த மூச்சு நின்றுவிடக் கூடாது.

"கொளுத்தவா?" என்றாள் சாவெட்டா.

"இன்னும் கொஞ்சம்."

மூச்சுகளுக்கிடையே இடைவெளி நீண்டது. சாவெட்டா மறுபடி கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

"இப்பக் கொளுத்துங்க," என்று சொல்லிவிட்டு வியோரிக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

குச்சி உரசியது. வேறு ஓசை எதுவும் எழவில்லை. அவள் கண் திறந்தபோது, கம்பளியின் இழைகளினூடே, இருண்ட திரையில் மஞ்சளாக ஒரு புள்ளி அசைந்தது. அதன்பின் மூச்சு இருமுறை கேட்டது.