மூன்றாம் மாடியின் கோபம்

ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லோர் வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, எழிலரசி மட்டும் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். கோவில்பதாகையில் உள்ள அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டே வீடுகள். குடியிருப்போர் சங்கத்துக்கு வருடத்துக்கு ஒருவர் பொருளாளர் என்று முறை வைத்திருந்தார்கள். இந்த வருடம் அது அவள் தலையில் விழுந்தது. பொருளாளர் என்பது பெரிய வார்த்தை. உண்மையில் அது சொந்த வீடு வைத்திருப்பவர்களிடம் பிச்சை கேட்கும் வேலை.

மூன்றாம் மாடியில் கங்காதரன் கதவைத் திறந்தார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். கார் கடன் தவணையை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. குடியிருப்பின் பராமரிப்புப் பணத்தை மட்டும் பத்து மாதமாகக் கட்டவில்லை.

“சார், செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. கழிவு எடுக்கிற லாரிக்காரர், பழைய பாக்கியைக் கொடுத்தாத்தான் லாரியை அனுப்புவேன்னு சொல்றாரு. கீழ சகாயம்மாள் அக்கா பாத்ரூம்ல எல்லாம் எழும்பி வருது. அவங்க பொண்ணு ஷைலா நாளைக்குக் கைக்குழந்தையோட ஆஸ்பத்திரியில இருந்து வருது.”

“மேடம், போன மழைக்கே என் பெட்ரூம் சீலிங் ஒழுகுச்சு. மொட்டைமாடியைச் சரி பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? முதல்ல அதைப் பண்ணுங்க. அப்புறம் கட்டுறேன்.”

“பணம் வந்தாத்தானே சார் பண்ண முடியும்?”

“அது சங்கத்தோட பிரச்சனை.” கதவு சாத்திக்கொண்டது.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூரை ஒழுகியது நிஜம்தான். ஆனால் அவர் நிறுத்தியதைப் பார்த்து இரண்டாம் மாடி தினேஷும், “அவரு கட்டட்டும், நானும் கட்டுறேன்” என்று கையை விரித்துவிட்டான். இன்னொரு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஓனரைக் கேளுங்கள் என்றார். ஓனரோ வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள் என்றார். வாட்ஸ்அப் குழுவில் எழிலரசி பணம் கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. பூப்போட்ட காலை வணக்கம் மட்டும் தவறாமல் வந்துவிடும். படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் இரண்டு முறை அவள் கைக்காசைத்தான் கட்டியிருந்தாள். வெறுத்துப்போய்க் கீழே இறங்கினாள்.

தரைத்தளத்தில் சகாயம்மாள் சர்ச்சுக்குக்கூடப் போகாமல் பினாயிலை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே கடனை அடைத்த வீடு அது. மகளுக்குத் தலைப்பிரசவம் என்று சுவருக்கு வெள்ளையடித்து, கூடத்தில் புதுத் தொட்டிலும் கட்டி வைத்திருந்தாள். காலையில் குழந்தைத் துணிப் பையை வைக்க வந்த மருமகன், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்.

“இன்னா எழிலு, இன்னா சொல்றாரு மேல?”

“அது சங்கத்தோட பிரச்சனையாம்க்கா” என்றாள் எழிலரசி.

“மாசம் பொறந்தா மொத ஆளா நான் கட்டிக்கினு கீறேன். எனக்கு இன்னாத்துக்குமா இந்த நாத்தம்?”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பாத்ரூம் குழியிலிருந்து கொப்புளித்துக்கொண்டு வந்தது. கறுப்புத் தண்ணீர், அதன் மேலே வெள்ளை வெளேரென்று நுரை. சகாயம்மாள் ஒரு கணம் அதையே பார்த்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று மூன்று மாடியும் ஏறினாள்.

“துட்டு கேக்க வர்ல சார். என் ஊட்டாண்ட ஒரு நிமிசம் வந்து பாரு. அவ்ளோதான்.”

கங்காதரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கி வந்தார். பாத்ரூம் வாசலில் நின்றதும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் ஒரு வாசனை அடித்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. அவர் போட்டிருந்த சட்டையிலும் அதே வாசனைதான்.

“உங்க ஊட்டு வாஷிங் மெஷின் ஓடுது போல சார்” என்றாள் சகாயம்மாள்.

அவர் அவசரமாக மனைவிக்கு போன் போட்டு, “மெஷினை நிறுத்து, உடனே நிறுத்து” என்றார். நுரை நின்றபாடில்லை. அங்கேயே நின்றபடி பத்து மாதப் பாக்கியையும் போனிலேயே எழிலரசிக்கு அனுப்பினார். பத்து மாதமாகக் கெஞ்சியும் வராத பணம் நொடியில் வந்து விழுந்ததைப் பார்த்தபோது எழிலரசிக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. லாரிக்காரருக்கு போன் செய்யத் தெருவுக்குப் போனாள்.

அப்போது சகாயம்மாளின் போன் அடித்தது. மகள் ஷைலா அழுதுகொண்டே பேசியது வெளியில் கேட்டது.

“அம்மா, அத்தை எங்களை அவங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறாங்களாம். சாக்கடை வீட்டுக்குப் பச்சப்புள்ளைய அனுப்ப முடியாதாம்.”

“சரிம்மா. புள்ளைய பத்திரமா பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு சகாயம்மாள் போனை வைத்தாள்.

“சாயங்காலத்துக்குள்ள லாரி வந்துடும்மா. எல்லாம் சரியாயிடும்” என்றார் கங்காதரன்.

“லாரி வரும் சார். என் பேத்தி வர மாட்டா.”

அவள் தொட்டில் சேலையை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினாள். கங்காதரனால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தபோது, எழிலரசி லாரிக்காரரிடம் பேசியதைக் கேட்டிருந்த தினேஷ் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னா சார், கட்டிட்டீங்களாமே? அப்போ உங்க மொட்டைமாடி மேட்டர் அவ்ளோதானா?”

“அதுக்கு மீட்டிங்ல சண்டை போடுவேன். செய்யற வரைக்கும் விட மாட்டேன். ஆனா பணத்தை நிறுத்தினது என் தப்பு தினேஷ். நாம கட்டாட்டி சங்கத்துக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. ஒழுங்கா கட்டுறவங்க வீட்டுக்குள்ளதான் அது சாக்கடையா போய் நிக்குது. நம்பலேன்னா உள்ள போய்ப் பாரு. பாத்துட்டு வந்து உன் பாக்கியைக் கட்டு.”