வெளிச்சத்தை மறைத்தவர்

பியானோ டீச்சருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவருடைய முதல் கச்சேரிக்குப் போஸ்டர் அடிக்க நல்ல படமாக ஒன்று வேண்டும் என்று தம்பிதான் போட்டோக்காரியை வரச்சொல்லியிருந்தார். இசைப் பள்ளிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே வெட்டவெளி. மாலை நாலரை மணி. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

டீச்சரை வெயிலுக்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்காரவைத்தாள் போட்டோக்காரி. முகம் இருண்டுவிடாமல் இருக்க, வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் தட்டைத் தம்பியிடம் கொடுத்து, வெயிலை அக்கா முகத்துக்குத் திருப்பிவிடச் சொன்னாள். 85 எம்.எம். லென்ஸை மாட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். முகத்துக்கு அதுதான் அழகு. மூக்கு மூக்காகவே இருக்கும், பின்னால் மதில் மங்கிப்போய்விடும்.

"கன்னத்துல சூடு படுதே! இதுதான் வெளிச்சமா?" என்று சிரித்தார் டீச்சர்.

நாலு படங்கள் பளிச்சென்று வந்தன. ஐந்தாவதில் முகம் கறுத்துக் கிடந்தது.

"தட்டை ஆட்டாதீங்க சார்."

"நான் அசையவே இல்லீங்க."

உண்மைதான். தட்டு கண்ணைக் கூசவைத்தது. வெளிச்சம்தான் டீச்சரிடம் வந்து சேரவில்லை.

"சூடு போயிடுச்சு. யாரோ நடுவுல நிக்கிறாங்க," என்றார் டீச்சர்.

"யாரும் இல்லக்கா."

"மாமாதான்டா."

தம்பி சுற்றும்முற்றும் பார்த்தார். டீச்சரின் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குப் போட்டோன்னு கேப்பார். ஒரு தடவைகூட எடுக்க விட்டதில்ல," என்றார் டீச்சர், போட்டோக்காரி பக்கம் திரும்பி.

போட்டோக்காரிக்கு அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் டீச்சர் முடியை ஒதுக்கிக்கொண்டு அடுத்த படத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். 85-ஐக் கழற்றி 35-ஐ மாட்டினாள். அந்த லென்ஸில் முகம் நிறைய விழ வேண்டுமானால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். டீச்சரின் கணவர் நிற்கும் இடத்திலேயே போய் நிற்க வேண்டும்.

"இதுல மூக்கு கொஞ்சம் பெரிசாத் தெரியும், டீச்சர்."

"நானா பார்க்கப்போறேன்? எடுங்க."

அந்த இடத்துக்குள் காலை வைத்தாள். தெருச் சத்தம் சட்டென்று நின்றது. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள், குளிர்ந்த மூச்சு. ஷட்டர் மேல் இருந்த விரல் மரத்துப்போனது.

டீச்சர் முகத்தை நிமிர்த்தினார். அவர் பேசியது போட்டோக்காரியிடம் அல்ல.

"தள்ளி நில்லுங்க. இது என் படம்."

மூச்சு விலகியது. டீச்சர் முகத்தில் வெளிச்சம் கொட்டியது. விரல் தானாக அழுத்தியது.

அந்தப் படம்தான் போஸ்டரில் வந்தது. ஒரு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"அந்த அஞ்சாவது படத்தையும் பெரிசா பிரிண்ட் போட்டுக் குடுங்கம்மா."

"அது கெட்டுப்போன படம், டீச்சர்."

"தெரியும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

பிரிண்டை வாங்க வந்த தம்பி உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. குப்புற வைத்துக் கட்டித் தரச் சொல்லி, கையை நீட்டி, உடம்பில் படாமல் எடுத்துக்கொண்டு போனார்.