காதுக்குப் பின்னால் ஒரு துளி

...அதெல்லாம் வெளியாட்களுக்கு, கூடப் பிறந்தவளுக்குப் போய் யாராவது காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவிவிட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று மறுநாள்வரை காத்திருப்பார்களா, என்று நினைத்துத்தான் பார்லர்க்காரி அந்தக் கரி கலந்த ஃபேஸ் பேக்கை நேராகத் தங்கையின் முகத்தில் பூசினாள், அடுத்த வாரம் இவளுக்குக் கல்யாணம், முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா... புதிதாக வருகிறவர்களிடம் எண்ணெய் வழிகிற முகமா, வறண்ட முகமா, தொட்டாலே சிவக்கிற முகமா என்று துருவித் துருவிக் கேட்பவள், இவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, ஒரே சோப்பு, ஒரே சீப்பு என்று வளர்ந்தவர்கள், எனக்கு ஒத்துக்கொண்டது இவளுக்கு ஒத்துக்கொள்ளாதா... ஆனால் ஏன் நாற்காலியின் கையை இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள்? பூச்சு அதற்குள் வெளுத்து வெடிக்கத் தொடங்கியிருந்தது, என் முகத்தில் இவ்வளவு சீக்கிரம் காயாதே... "எரியுதாடி?" "கொஞ்சம்தான்க்கா, பரவாயில்ல." கொஞ்சமாம்! கண்ணோரம் நீர் கட்டி நிற்கிறது.

ஐயோ, வறண்ட முகத்தில் இதை முழுசாகக் காயவே விடாதீர்கள், ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்தானே... தேய்க்காமல், ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி ஊறவைத்து எடுத்தாள், அடியில் கன்னம் செக்கச்செவேலென்று கிடந்தது, பாவி, என்ன காரியம் செய்தேன். வாசனை இல்லாத க்ரீமை எடுத்து மெல்லத் தடவினாள், சிவப்பு தானாக அடங்கிவிடும், அடங்காவிட்டால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்... "ஏன்டி, வாய் இல்லையா உனக்கு? எரிஞ்சப்பவே சொல்ல வேண்டியதுதானே?" "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்க்கா."

சரியாத்தான் இருக்கும்... சின்ன வயதில் அந்தச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இவள் முழங்கையைச் சொறிந்துகொண்டே திரிவாளே, சும்மா இருடி குரங்கே என்று கையைத் தட்டிவிட்டவள் யார், நான்தான், அப்போதும் எரிந்திருக்குமோ? அடக் கடவுளே, நான் போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த அன்று, எனக்குப் பிடிச்சிருக்கு, உனக்கும் பிடிக்கும் பாரு என்றதற்கும் இதே குரலில்தானே சொன்னாள், நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்க்கா என்று... கண்ணாடியில் தங்கை சிரிக்க முயன்றாள், வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பார்லர்க்காரி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள், மாப்பிள்ளையை உனக்கு நிஜமாவே பிடிச்சிருக்காடி என்று இப்போதே கேட்டுவிடலாம், ஆனால் இவள் மறுபடியும் பரவாயில்லக்கா என்று சொல்லிவிட்டால், அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?